காளான் பொடியும் மிச்சமிருந்த எட்டு மாத்திரைகளும்

பலதுறை மருந்தகத்தில் நான் மருந்து கொடுக்கும் முகப்புக்குப் போன மாதம் ஓர் அங்கிள் வந்தார். பையைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். நீரிழிவு மாத்திரைகளோடு ஒரு லிங்சி காளான் பொடி டப்பா, பாதி பிரித்த ஆன்டிபயாட்டிக் அட்டை. கால் புண்ணுக்காக 7 நாளைக்குக் கொடுத்த 14 மாத்திரைகளில் எட்டு அப்படியே இருந்தன.

"காளானே கிருமியக் கொல்லுதாம்மா. ஆன்டிபயாட்டிக்குக் கேக்காத கிருமியக்கூடக் கொல்லுமாம், வாட்ஸ்அப்ல வந்துச்சு. அதான் மூணு நாளோட நிறுத்திட்டு இதக் கரைச்சுக் குடிக்கிறேன்."

அந்தச் செய்தியில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் என் வேலை எளிதாக முடிந்திருக்கும்.

வட ஐரோப்பாவின் பைன் காடுகளில், தரையோடு தரையாக, சின்னக் கறுப்புக் கிண்ணம் போல ஒரு பூஞ்சை முளைக்கும். அதிலிருந்து பிளெக்டாசின் என்ற பெப்டைடைக் கண்டெடுத்ததாக டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2005இல் அறிவித்தார்கள். பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சரம். இதில் 40 மணிகள். சிலந்தி, தேள், தும்பி ஆகியவை கிருமிகளிடமிருந்து தப்பிக்கச் சுரக்கும் பொருளின் அதே சாயல் இதற்கும் உண்டு. நிமோனியா தொற்றவைத்த எலிகளை இது வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு இணையாகக் குணப்படுத்தியது.

இது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சுவருக்கான செங்கல்லைச் சுமந்து வருவது லிப்பிட் 2 என்ற மூலக்கூறு. பிளெக்டாசின் அதைப் போய்க் கவ்விக்கொள்ளும். செங்கல் வராவிட்டால் கட்டடம் என்ன ஆகும்? வான்கோமைசினும் அதே லிப்பிட் 2ஐத்தான் பிடிக்கிறது, ஆனால் வேறு இடத்தில். கிருமி அந்த இடத்தை மாற்றிக்கொண்டு வான்கோமைசினிடமிருந்து தப்பலாம்; பிளெக்டாசின் பிடிப்பதோ மாற்றுவதற்குக் கடினமான பகுதி. குதிரைச் சாணத்தில் முளைக்கும் ஒரு காளானிலிருந்து சூரிச்சில் கண்டெடுத்த காப்சின் என்ற பெப்டைடுக்கும் இதே வழிதான்.

சரி, அப்படியானால் அங்கிள் செய்தது சரிதானே?

இல்லை. லிங்சி வேறு, அந்தப் பூஞ்சை வேறு. இதுபோன்ற பெப்டைடை வாய்வழியே விழுங்கினால், பெரும்பாலும் முட்டையைச் சாப்பிட்டது போல வயிறு அதைச் செரித்துவிடும்; கால் விரல் வரை போய்ச் சேராது. இன்னொன்று, ஈ கோலை, கிளெப்சியெல்லா மாதிரிக் கிருமிகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருக்கிறது. பிளெக்டாசினால் அதைத் தாண்ட முடியாது. இன்றுவரை இது எந்த மருந்தகத்திலும் கிடைக்கும் மருந்தாகவில்லை. எலிக்கும் மனிதனுக்கும் நடுவே நச்சுத்தன்மை, அளவு, உற்பத்திச் செலவு என்று நிறையப் படிகள் உண்டு.

அங்கிளிடம் நான் இத்தனையும் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பி, அமோக்சிசிலின் என்ற பெயரைக் காட்டினேன். "அங்கிள், இதுவே பூஞ்சை கொடுத்த மருந்துதான்." 1928இல் ஃபிளெமிங் என்ற விஞ்ஞானியின் ஆய்வுத் தட்டில் படர்ந்த பெனிசிலின் பூஞ்சையின் வழியில் வந்தது. அந்தப் பூஞ்சை, பெனிசிலினை மூன்றே அமினோ அமிலங்களைக் கோத்துத்தான் செய்கிறது. அவர் அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த மருந்துகளும் கேட்காமல் போய்க்கொண்டிருக்கின்றன என்பதுதான் எனக்குப் பயம். 2019இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் உலகில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் 2017இல் இதற்கென்றே தேசியச் செயல்திட்டம் வகுத்தது.

காலணியைக் கழற்றச் சொன்னேன். கட்டைவிரல் ஓரம் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. நீரிழிவால் உணர்ச்சி மங்கிய கால். அவருக்கு வலியே தெரியவில்லை. அன்றே மறுபடி மருத்துவரிடம் அனுப்பினேன்.

நீங்கள் எந்தப் பொடி சாப்பிட்டாலும் அதையும் மருந்தோடு கொண்டு வாருங்கள், திட்ட மாட்டோம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தத் தோன்றினால், முதலில் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மதியம் அங்கிள் புதுச் சீட்டோடு வந்தார். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் கிழமையைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

"பொடிய டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டிட்டேன்மா. அவரும் எழுதிக்கிட்டார்."