திறந்தவெளி என்பதற்காகக் காது தப்பித்துவிடாது

காதுப் பிரச்சினையோடு என்னிடம் வருகிறவர்களிடமிருந்து இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன். "ஓப்பன் கிரவுண்டுதானே மேடம், சத்தமெல்லாம் காத்தோட போயிருக்குமே" என்று இம்முறை சொன்னவர், கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் 24 வயது இளைஞர். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் நண்பர்களோடு பெங்களூரு சென்று, மறுநாள் நண்பகல் முதல் இரவு வரை நடந்த திறந்தவெளி இசை விழா ஒன்றில் ஏழு பேண்டுகளைக் கேட்டிருக்கிறார். அவருக்கு மிகவும் பிடித்த பேண்டு மாலை ஏழு மணிக்குத்தான் மேடையேறும். ஆனாலும் இடம் பறிபோய்விடக் கூடாதே என்று பிற்பகல் மூன்று மணியிலிருந்தே மேடையின் இடப்பக்கம், ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்த பாஸ் பெட்டிகளுக்கு ஐந்தாறு அடி தள்ளி, தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருக்கிறார்.

இரவு விடுதிக்குத் திரும்பியபோது இரண்டு காதுகளும் பஞ்சு வைத்தாற்போல் அடைத்திருந்தன. படுத்தவுடன் 'ஙொய்' என்ற இரைச்சல் தொடங்கியது. அடைப்பு இரண்டு நாளில் விலகியது, இரைச்சல் விலகவில்லை. அவர் என்னிடம் வந்து சேர்ந்தது பன்னிரண்டாம் நாள். இடைப்பட்ட நாட்களில் பட்ஸ் போட்டுக் குடைந்திருக்கிறார். அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் தம் பங்குக்கு அழுக்கைக் கரைக்கும் சொட்டுமருந்து கொடுத்திருக்கிறார். காதுக்குள் அழுக்கே இல்லை. செவிப்பறை பளிச்சென்று இருந்தது, எண்ணெயின் புண்ணியத்தில் கொஞ்சம் கூடுதலாகவே.

எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராம் எடுத்தோம். அதில் கோடு பள்ளத்தில் இறங்கினால் அந்தச் சுருதி சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். தாழ்ந்த சுருதிகளில் கோடு நேராகச் சென்று, 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் இறங்கி, 8000-இல் மீண்டும் ஏறியது. பெட்டிகளின் பக்கம் இருந்த இடக்காதில் பள்ளம் ஆழமாக இருந்தது. இந்தப் பள்ளம் எனக்குப் புதிதன்று. கோவையின் பஞ்சாலைகளிலும் ஃபவுண்டரிகளிலும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் காகிதத்தில் நான் வழக்கமாகப் பார்க்கும் பள்ளம் அது. அதைச் சம்பளம் வாங்காமல், நுழைவுச்சீட்டுக்குப் பணம் கட்டி, 24 வயதில் வாங்கி வந்திருக்கிறார் என்பதுதான் என்னைச் சலிப்படையச் செய்தது.

'திறந்தவெளிதானே' என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால்தான் அதை விரட்டுவது கடினமாக இருக்கிறது. சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் ஒலி எதிரொலித்துத் திரும்புவதில்லை. ஒற்றை ஒலிபெருக்கி ஒன்றை வெட்டவெளியில் வைத்தால், அதிலிருந்து நாம் நிற்கும் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். பள்ளிக்கூட இயற்பியல் இதோடு முடிந்துவிடுகிறது, என்னிடம் வருகிறவர்களின் வாதமும் இதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இதே இயற்பியலை விழாவுக்கு ஒலி அமைப்பவரும் படித்திருக்கிறார். கடைசி வரிசையில் நிற்பவரும் பணம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார் என்பதும், அவருக்கும் பாடகரின் குரலும் கிட்டாரின் நடையும் தெளிவாகக் கேட்டாக வேண்டும் என்பதும் அவருடைய கவலை. மேடையின் இருபுறமும் வாழைச்சீப்பைப் போல வளைந்து தொங்குகின்றனவே ஒலிபெருக்கி வரிசைகள், அவற்றை அப்படி அடுக்குவது, தூரம் கூடக் கூட ஒலி சட்டென்று விழுந்துவிடாமல் மைதானம் முழுவதும் சீராகப் பரவ வேண்டும் என்பதற்காகத்தான். அதுவும் போதாதென்று கூட்டத்தின் நடுவே கோபுரங்கள் நட்டு அவற்றிலும் பெட்டிகளைக் கட்டுகிறார்கள். தாழ்ந்த அதிர்வுகளைத் தரும் பெரிய பெட்டிகளோ தரையிலேயே, முன்வரிசையின் நெஞ்சுக்கு நேராக நிற்கின்றன. மண்டபத்தில் சுவர்கள் இலவசமாகச் செய்துகொடுக்கும் வேலையை வெட்டவெளியில் மின்சாரம் செய்ய வேண்டியிருப்பதால், காற்றோடு போகும் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் அவர்கள் முன்கூட்டியே ஏற்றி வைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில் நாம் காதைப் பொத்திக்கொள்வதற்குச் சத்தம் மட்டும் காரணமில்லை; எதிரொலியும், திறனுக்கு மீறி ஏற்றப்பட்ட பெட்டிகளின் கரகரப்பும் சேர்ந்துதான் நம்மை முகம் சுளிக்க வைக்கின்றன. நல்ல விழாவில் அந்தக் கரகரப்பு இருக்காது. தெளிவாக வரும் பேரொலி உறுத்துவதில்லை, தலைக்கு மேலே வானம் இருக்கிறது, காற்று வீசுகிறது, பிடித்த பாட்டு ஓடுகிறது. உறுத்தாத ஒன்று தீங்கு செய்யாது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

திறந்தவெளியிலும் காது அடிபடும் என்பது என் ஊகம் அன்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த திறந்தவெளி இசை விழாவுக்கு 51 பேரை அழைத்துச் சென்றார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. நாலரை மணி நேரம், சராசரியாக 100 டெசிபெல். திரும்பி வந்ததும் கேட்கும் திறனைச் சோதித்தபோது, காதடைப்பான் இல்லாத காதுகளில் 42 விழுக்காடு தற்காலிகமாக மந்தமாகியிருந்தன. அடைப்பான் வைத்த காதுகளில் அது 8 விழுக்காடு. புதிதாக இரைச்சல் தொடங்கியவர்கள் அடைப்பான் இல்லாத குழுவில் 40 விழுக்காடு, அடைப்பான் வைத்த குழுவில் 12 விழுக்காடு. அங்கே கூரை கிடையாது, காற்றும் வீசத்தான் செய்திருக்கும்.

100 டெசிபெல் என்றதும், வேலையிடங்களுக்கு எல்லையாகச் சொல்லப்படும் 85-ஐவிட 15 தானே கூடுதல் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். டெசிபெல் என்பது மளிகைக் கடைத் தராசு இல்லை. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். தொழிலாளர் நலனுக்காக அமெரிக்க நிறுவனமான நியோஷ் வகுத்த அளவின்படி 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம்; 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம் என்று குறைந்துகொண்டே வந்து, 100 டெசிபெலில் 15 நிமிடத்தோடு அன்றைய அளவு முடிந்துவிடுகிறது. ஆறு மணி நேரம் அங்கே நிற்பவர் 24 நாட்களுக்கான அளவை ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறார். ஃபவுண்டரித் தொழிலாளி ஒரு மாதச் சம்பளத்தோடு சேர்த்து வாங்குவது அது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று அந்த இளைஞரின் தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதும், சில பண்டிகை நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை விலக்களிக்கலாம் என்பதும் அவற்றில்தான் வருகின்றன. அதே விதிகள், ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் ஒலி 75 டெசிபெலையோ, அப்பகுதிக்கு வகுத்த அளவுக்கு மேல் 10 டெசிபெலையோ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்கின்றன. எல்லையில் என்ற சொல்லைக் கவனியுங்கள். சுவருக்கு வெளியே தூங்க முயலும் பெரியவருக்காக எழுதப்பட்ட விதி அது. சீட்டு வாங்கி உள்ளே நிற்பவரின் காதைப் பற்றி அது பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்றே வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது, ஒலியளவை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான பகுதி ஒன்று வேண்டும் என்கிறது. நான் போய்வந்த விழாக்களில் செல்ஃபி எடுக்க மூன்று இடங்கள் இருந்தன, அமைதியான பகுதி ஒன்றுகூட இல்லை. ஆம், நானும் போகிறவள்தான்.

'காலையில் சரியாகிவிட்டது' என்பது அடுத்த ஆறுதல். சரியானது அடைப்பு. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 தான். அவற்றில் செத்தவை மறுபடி முளைப்பதில்லை. எலிகளில் 2009-இல் நடந்த ஓர் ஆய்வில், பேரொலிக்குப் பின் கேட்கும் திறன் முழுமையாகத் திரும்பிய பிறகும், மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதியளவு சில இடங்களில் அழிந்துபோயிருந்தது தெரியவந்தது. மனிதருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. விவாதம் முடியும்வரை உங்கள் காதை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

மேடையில் இருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் காதில் எதையோ செருகியிருக்கிறார்களே, அது அலங்காரம் இல்லை. கோல்ட்ப்ளே குழுவின் கிறிஸ் மார்ட்டின் தமக்குக் காதிரைச்சல் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, காதைக் காத்துக்கொள்ளும்படி ரசிகர்களிடம் பேசியிருக்கிறார். ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டதால் 2016-இல் பாதிச் சுற்றுப்பயணத்தில் விலக நேர்ந்தது. என்னிடம் வரும் தவில் கலைஞர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், "மேளத்துக்குப் பஞ்சு வெச்சா மரியாதையா இருக்குமாம்மா?" என்கிறார்கள். அது வேறொரு நாள் எழுத வேண்டிய கதை.

ஆகவே, போகிறவர்கள் கேளுங்கள். பஞ்சு வைப்பதும், டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைப்பதும் உங்களையே ஏமாற்றிக்கொள்வது. அவை குறைப்பது மிகச் சொற்பம். வெளிச்சத்தம் குறைக்கும் இயர்பட்ஸைக் கவசமாக நம்பாதீர்கள், அது வேறு வேலைக்குச் செய்யப்பட்டது. நுரையாலான காதடைப்பான் மருந்துக்கடையிலோ இணையத்திலோ மலிவாகக் கிடைக்கிறது. விழா மைதானத்தில் ஒரு பிளேட் மோமோவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. இசை மங்கிவிடுகிறது என்று குறைப்படுபவர்கள், எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவாகக் குறைக்கும் வடிகட்டி வைத்த சிலிகான் அடைப்பானை வாங்குங்கள். பாட்டு பாட்டாகவே கேட்கும், அளவு மட்டும் இறங்கும்.

வாங்கினால் போதாது, வைக்கத் தெரிய வேண்டும். பாதிப் பேர் அதைக் காதின் வாசலில் குண்டலம் போல் மாட்டிக்கொண்டு பயனில்லை என்கிறார்கள். நுரை அடைப்பானை விரல்களால் சுருக்கமில்லாமல் மெல்லிய குச்சி போல் உருட்டுங்கள். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள், உள்ளே செருகுங்கள், நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போல் கேட்டால் சரியாக வைத்திருக்கிறீர்கள். வீட்டிலேயே நாலு முறை பழகிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு கற்றுக்கொள்ள முடியாது.

பெட்டிகளின் முன்னால் நிற்காதீர்கள். ஒலிப் பொறியாளர் தம் கன்சோலோடு மைதானத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பாரே, அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் தம் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் கலக்குகிறார், விழாவிலேயே இசை மிகச் சிறப்பாக ஒலிக்கும் இடம் அதுதான். இரண்டு பேண்டுகளுக்கு நடுவே உணவுக் கடைகளின் பக்கம் ஒதுங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். ஏழு பேண்டையும் முன்வரிசையில் கேட்டே தீருவேன் என்பது ரசனை இல்லை, பிடிவாதம். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தில் காதடைப்பான் இல்லாமல் நிற்கக் கூடாது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. திரும்பும் இரவுப் பேருந்தில் ஏழு மணி நேரம் மறுபடி இயர்போனில் அதே பாட்டுகளைக் கேட்காதீர்கள், அடிபட்ட காதுக்கு அந்த இரவாவது ஓய்வு கொடுங்கள்.

குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்வரிசைக்குப் போகும் தகப்பன்மாருக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் காதைவிட உயரத்தில், தொங்கும் பெட்டிகளுக்கு இன்னும் நேராக அதன் காது இருக்கிறது, 'வலிக்குது' என்று அது சொன்னாலும் உங்களுக்குக் கேட்கப் போவதில்லை. குழந்தைகளுக்கென்று தலையில் மாட்டும் காதுறைகள் இருக்கின்றன. அது இல்லையென்றால் கூட்டத்தின் பின்புறமே போதும். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், அல்லது இந்த ஆண்டு போகாதீர்கள்.

"இனிமே போகவே கூடாதா மேடம்?" என்று அந்த இளைஞர் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. போகலாம் தம்பி என்றேன். பள்ளம் அப்படியே நிற்கக்கூடும். இரைச்சலை மூளை மெல்ல மெல்லப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும், அதற்குப் பயிற்சிகள் உண்டு. முதல் இரண்டு மூன்று நாட்களில் வந்திருந்தால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்பதை மட்டும் அவர் தந்தையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதனால் நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். விழா முடிந்து 24 மணி நேரம் கழிந்தும் இரைச்சலோ அடைப்போ நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். எண்ணெய், சொட்டுமருந்து, பட்ஸ் எதுவும் வேண்டாம், ஸ்டீராய்டை நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்கவும் வேண்டாம். ஒரு காது மட்டும் சட்டென்று மந்தமானால் 24 மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் முனகல் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ நீரோதான். நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை. நன்றாக இருக்கும் காதின் பக்கம் அது ஒதுங்கிக் கேட்டால் நரம்பு அடிபட்டிருக்கலாம். பெங்களூரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பிறகு ஊருக்குப் பேருந்து ஏறுங்கள்.