டார்க் காமெடி என்றால் அவல நகைச்சுவை

சாவு, போர், கொலை என்று எதையெல்லாம் சிரிக்கக் கூடாததாக ஒதுக்கி வைத்திருக்கிறோமோ, அதிலிருந்தே சிரிப்பை எடுப்பது டார்க் காமெடி. பிளாக் காமெடி என்பதும் இதுதான்.

பெயரைப் பரவச் செய்தவர் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன். ‘ஹ்யூமர் நுவார்’, அதாவது கருப்பு நகைச்சுவை, என்ற பெயரில் அவர் தொகுத்த நூல் 1940இல் அச்சானது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனிக்கு இணங்கி நடந்த பிரான்சின் விஷி அரசின் தணிக்கையில் சிக்கி, 1945இல்தான் வாசகர் கைக்கு வந்தது. பெயர்தான் புதிது, சரக்கு பழையது. ஜெர்மன் மொழியில் ‘கால்கன்ஹூமோர்’ என்ற சொல் அதற்கு முன்பே உண்டு. தூக்குமரச் சிரிப்பு என்று பொருள். 1905இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டு இதற்கு ஓர் உதாரணம் காட்டினார். திங்கட்கிழமை காலை தூக்குக்கு அழைத்துப் போகப்படும் ஒருவன், “இந்த வாரம் நல்லாத்தான் தொடங்குது” என்கிறான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கருப்பு நகைச்சுவை’ என்கிறார்கள். அது நேர் மொழிபெயர்ப்பு. கருப்பைக் கெட்டதற்கு அடையாளமாக்குவதில் எனக்கு உடன்பாடும் இல்லை. ‘இருண்ட நகைச்சுவை’ வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர, சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்வதில்லை. அங்கதம் வேறு: அதற்கு ஏசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். தூக்குக்குப் போகிறவன் யாரையும் ஏசவில்லையே.

என் தேர்வு ‘அவல நகைச்சுவை’. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, அடுக்கும்போது ‘நகையே அழுகை’ என்றுதான் தொடங்குகிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அந்த அழுகையைத்தான் பிற்காலத்தில் அவலச்சுவை என்றோம். அவல நகைச்சுவை என்னும்போது இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. சிரிப்பு வந்ததும் அவலம் போய்விட்டால் அது வெறும் காமெடி.

அவல நகைச்சுவை நாவலைப் படமாக்குகிறவர்களுக்கு இந்தச் சொல்லே ஒரு அளவுகோல் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நாவலில் சிரிப்பு பெரும்பாலும் சம்பவத்தில் இருக்காது, சொல்கிற குரலில் இருக்கும். கொடூரமான ஒன்றை வானிலை அறிக்கை போல அலட்டாமல் சொல்லும் குரல். படத்தில் அந்தக் குரல் காணாமல் போய்விடும். அப்புறம் அதை எங்கே தேடுவது?

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’ நாவல் 1969இல் வந்தது. 1945இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கே போர்க்கைதியாக இருந்தவர் அவர். நாவலில் சாவு வரும் இடமெல்லாம் ‘அப்படித்தான் போகிறது’ என்ற பொருளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், நூறு தடவைக்கு மேல். முதலில் சிரிப்பு வரும். போகப்போகத் தொண்டை அடைக்கும். அதில் எட்கர் டெர்பி என்ற நல்ல மனிதர், இடிபாட்டில் கிடந்த ஒரு தேநீர்க் கூஜாவை எடுத்ததற்காகச் சுட்டுக் கொல்லப்படுவார் என்பதைக் கதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஜார்ஜ் ராய் ஹில் 1972இல் இதைப் படமாக்கியபோது, அந்த வரியை வாய்ஸ் ஓவராகப் போடவில்லை. கூஜாவுக்குப் பதில் ஒரு பீங்கான் பொம்மை. அது உடையாமல் கிடைத்த சந்தோஷத்தில் டெர்பி அதைக் கையில் எடுத்துக் காட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் அவரைச் சுட்டுவிடுகிறார்கள். விளக்க ஒரு குரல் இல்லை, நின்று அழ அவகாசமும் இல்லை. நாவலில் அந்த வரி செய்த வேலையை, படத்தில் அந்த அவசரம் செய்கிறது.