கிள்ளக் கிள்ளத் தழைப்பது ஏன்?

புதினாச் செடியின் நுனியை இரண்டு விரலால் கிள்ளுகிறோம். விரலில் வாசனை ஒட்டிக்கொள்கிறது. சில நாள் கழித்துப் பார்த்தால், கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளைகள் எட்டிப் பார்க்கின்றன. வீட்டில் செடி வளர்க்கிற எல்லோரும் செய்கிற வேலைதான் இது. அந்த ஒரு கிள்ளலுக்குப் பின்னால் நடப்பவை மூன்று வேகத்தில் நடக்கின்றன: வாசனை நொடியில், சுவை மணிக்கணக்கில், கிளை நாள்கணக்கில். சொந்தமாகக் காய்கறி வளர்ப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சியில் பாதிக்கு மேல், இந்த மூன்றுக்கும் நாம் பக்கத்திலேயே இருப்பதால்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் வாசனை. புதினா இலையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பளபளக்கும் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். இவை சுரப்பித் தூவிகள். ஒவ்வொன்றின் தலையிலும் எட்டு செல்கள் வட்டமாக அமர்ந்து எண்ணெய் சுரக்கின்றன. சுரந்த எண்ணெய், மேலே மூடியிருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் கொப்புளம்போலத் தேங்கி நிற்கிறது. இலையை உரசியதும் கொப்புளம் உடைகிறது. சும்மா பக்கத்தில் நின்றால் லேசாக வரும் வாசனை, தொட்டவுடன் ஆளைத் தூக்குவது இதனால்தான். துளசியிலும் இதே ஏற்பாடு உண்டு. தக்காளியில் பக்கக்கிளை ஒடித்தவரின் விரல்கள் மஞ்சளும் பச்சையுமாகக் கறை பிடித்து, சோப்புப் போட்டாலும் லேசில் விடாது. அதுவும் இந்தத் தூவிகளின் சரக்குதான்.

பூண்டின் வழி வேறு. முழுப் பூண்டை முகர்ந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் மூலப்பொருளான அலின் ஓர் அறையிலும், அதை மாற்றும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. நெடி அதனுடையது. கீரையைக் கிள்ளும்போதும் புல்லை வெட்டும்போதும் எழும் பச்சை வாசனையும் இப்படித்தான்: செல் கிழிந்த பிறகே, அதன் சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களிலிருந்து சுடச்சுடத் தயாராகிறது. கம்பளிப்புழு இலையைக் கடித்தாலும் இதே வாசனை கிளம்பும். புழுவின் உடலில் முட்டையிடும் குளவிகள் சில, அதை மோப்பம் பிடித்து வந்துவிடுகின்றன. நாம் மூச்சை இழுத்து ரசிக்கும் மணம் அந்தப் புழுவுக்குக் கெட்ட செய்தி.

புதினாவை மென்றால் வாய் ஜில்லென்று ஆகிறதே, அது உண்மையான குளிர்ச்சி இல்லை. நம் நரம்புகளில் குளிரை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. புதினா எண்ணெயிலுள்ள மென்தால் அதில் ஒட்டிக்கொண்டு பொய்த் தகவல் அனுப்புகிறது. இந்தப் புரதத்தை 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் ஆகியோரின் இரண்டு குழுக்கள் தனித்தனியே அடையாளம் கண்டன. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளுக்கான ஆய்வுக்காக 2021இன் மருத்துவ நோபல் இவர்கள் இருவருக்கும் கிடைத்தது. மிளகாய் இதே ஏமாற்று வேலையை எதிர்ப்பக்கம் செய்கிறது. அதன் கேப்சைசின், சூட்டை உணரும் புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. பறவைகளின் புரதம் சற்று மாறுபட்டது என்பதால் அவற்றுக்குக் காரம் உறைப்பதில்லை. விதையை மென்று நாசமாக்கும் பாலூட்டிகளைத் துரத்திவிட்டு, விழுங்கித் தொலைவில் போடும் பறவைகளை மட்டும் மிளகாய் விருந்துக்கு அழைக்கிறது. தொட்டியில் பழுத்த மிளகாயைப் பறவை கொத்திக்கொண்டு போனால் கோபம் வரும்தான். ஆனால் செடி எதிர்பார்த்திருந்த விருந்தாளி அது.

அடுத்தது சுவை. காம்பைப் பிரித்துவிட்டால் காய் உடனே செத்துவிடுவதில்லை. அது மூச்சு விடுகிறது, நொதிகள் வேலை செய்கின்றன, சேமிப்பு கரைகிறது. பச்சைப் பட்டாணியும் இனிப்பு மக்காச்சோளமும் பறித்த கணத்திலிருந்து சர்க்கரையை மாவுப்பொருளாக மாற்றத் தொடங்குகின்றன. பழைய மக்காச்சோள ரகங்களை வெயில் காலச் சூட்டில் வைத்திருந்தால் ஒரே நாளில் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி போய்விடும். (இந்த மாற்றம் மந்தமாக நடக்கும்படி உருவாக்கிய புது ரகங்கள் இப்போது உண்டு.) தோட்டத்திலிருந்து அடுப்புக்கு வரும் நேரத்தை நிமிடத்தில் எண்ணுபவருக்கு இந்த நட்டமே இல்லை. நம் கைப்பக்குவம் என்று நாம் மார்தட்டிக்கொள்வதில் கொஞ்சம் பட்டாணிக்குச் சேர வேண்டியது.

தக்காளியின் சங்கதி இன்னும் நுட்பமானது. அதன் சுவையில் இனிப்பும் புளிப்பும் பாதிதான். மீதி, காற்றில் ஆவியாகும் மணப்பொருள்களின் கலவை. 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் தக்காளி அந்த மணங்களைத் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஃப்ளோரிடா ஆய்வாளர்கள் பழுத்த தக்காளிகளை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சர்க்கரையும் அமிலமும் பெரிதாக மாறவில்லை, மணம் மட்டும் வடிந்திருந்தது. மணம் தயாரிக்கும் மரபணுக்கள் சில குளிரில் அடங்கிப்போயிருந்தன. வெளியே எடுத்து வைத்தாலும் பழைய மணம் முழுதாகத் திரும்பவில்லை. பறித்த பழத்தை ஃப்ரிட்ஜில் அடுக்காமல் வெளியே வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

இப்போது கிளைக்கு வருவோம். எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு இலையும் தண்டில் சேரும் இடுக்கில் ஒரு குட்டி மொட்டு உறங்குகிறது. உச்சி நுனியிலுள்ள இளம் இலைகள் ஆக்சின் என்ற ஹார்மோனைத் தயாரித்துக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அது வந்துகொண்டிருக்கும்வரை மொட்டுகள் எழுவதில்லை. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். 1933இல் கென்னத் திமனும் ஃபோல்கே ஸ்கூகும் அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாத செடியில் மொட்டுகள் விழித்திருக்க வேண்டும். நுனி இருப்பதாகவே நம்பி அவை தூங்கின.

கதை அதோடு முடியவில்லை. ஆக்சின் தண்டில் மணிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால் நுனியை வெட்டினால், ஆக்சின் குறைந்த சேதி போய்ச் சேருமுன்பே தொலைவிலுள்ள மொட்டு அசையத் தொடங்குகிறது. பட்டாணிச் செடியில் செய்து 2014இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது: சர்க்கரை. வளரும் நுனி பெருந்தீனிக்காரன். இலைகள் சமைப்பதில் பெரும்பங்கைத் தானே இழுத்துக்கொள்ளும். நுனி போனதும் அந்தச் சர்க்கரை, ஆக்சினைவிடப் பல மடங்கு வேகத்தில் பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது. பசி தீர்ந்த மொட்டு முதலில் விழிக்கிறது, ஹார்மோன் மாற்றம் பின்னால் வந்து அதை நிலைநிறுத்துகிறது.

புதினா, துளசி இரண்டிலும் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். ஆகவே ஒரு கணுவுக்கு மேலே கிள்ளினால் இரண்டு கிளை. அவை வளர்ந்ததும் மறுபடி கிள்ளினால் நான்கு, பிறகு எட்டு. கணுவை ஒட்டி, சற்று மேலே கிள்ள வேண்டும். நடுத்தண்டில் கிள்ளினால் மிச்சத் துண்டு காய்ந்து கறுக்கும். பூ மொக்கு தெரிந்தாலும் கிள்ளிவிடலாம், செடி இன்னும் கொஞ்ச நாள் இலையிலேயே கவனம் வைக்கும். தக்காளியில் ஆள் மாறாட்டம்: அங்கே பலர் உச்சியை விட்டுவைத்துப் பக்க மொட்டுகளைத்தான் ஒடிக்கிறார்கள், ஒரே தண்டாகக் கட்டி ஏற்றுவதற்காக. வெங்காயத்தாளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அதன் வளர்முனை அடியில், மண்ணோடு ஒட்டி இருக்கிறது. மேலே எவ்வளவு நறுக்கினாலும் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்.

வெண்டை, அவரை, வெள்ளரி ஆகியவை பறிக்கப் பறிக்கக் காய்ப்பதும் இதே சர்க்கரை அரசியல்தான். ஒரு காயை முற்ற விட்டால் அதன் விதைகள் உணவை இழுத்துக்கொள்ளும், புதுப் பூக்களுக்குப் பங்கு குறையும். இலைக்கு அடியில் ஒளிந்து, கண்ணில் படாமல் நார்பாய்ந்துபோன ஒரே ஒரு வெண்டைக்காய் என் செடியை ஒரு வாரம் மந்தமாக்கியிருக்கிறது.

கிள்ளிய நுனியைத் தூக்கிப் போட வேண்டாம். அடி இலைகளை உருவிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். அந்தத் துண்டின் நுனி எப்போதும்போல ஆக்சினைக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். கீழே போக இப்போது வழியில்லை, வெட்டுவாய்க்குப் பக்கத்தில் தேங்கும். மேலே மொட்டுகளை அடக்கி வைத்த அதே ஹார்மோன், தேங்கிய இடத்தில் வேர் விடச் சொல்லும். ஒன்றிரண்டு வாரத்தில் டம்ளருக்குள் வெள்ளை நூல்போல இறங்குவது அந்த வேர்தான்.