ராஜதந்திரியா, தூதரா?

சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை இப்படித் தொடங்கியது: ‘கானாவின் புகழ்பெற்ற ராஜதந்திரியும் அரசியல்வாதியுமான அலெக்ஸ் குவைசன்-சாக்கி…’ பேனா அங்கேயே நின்றுவிட்டது. செய்திகளில் நாள்தோறும் கேட்டுச் சலித்த சொல்தான். ஆனால் இந்த மனிதரின் பெயருக்கு முன்னால் அதைப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை.

ராஜதந்திரி என்று நாம் பெயர்க்கும் ‘டிப்ளோமேட்’ என்ற மூலச்சொல்லின் கதை சிறியது. கிரேக்கத்தில் ‘டிப்ளோமா’ என்றால் இரண்டாக மடித்த ஏடு. அரசு வழங்கும் மடித்த ஆவணத்துக்கு அது பெயராயிற்று. அத்தகைய ஆவணங்களையும் உடன்படிக்கைகளையும் வைத்து நாடுகளுக்கிடையே நடக்கும் வேலைக்கு, பிரெஞ்சு வழியாக, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘டிப்ளோமசி’ என்ற பெயர் வந்தது. அதைச் செய்பவர் டிப்ளோமேட். ஓர் அரசின் ஏட்டையும் சொல்லையும் இன்னோர் அரசிடம் கொண்டு சேர்ப்பவருக்கு நம்மிடம் தூதர் என்ற பெயர் எப்போதோ இருக்கிறது.

அப்படியிருக்க ராஜதந்திரி எதற்கு? வடமொழியில் தந்திரம் என்றால் தறியில் ஓடும் பாவு. அதிலிருந்து ஒழுங்கமைப்பு, நெறி, நூல் என்றெல்லாம் பொருள் விரிந்தது. அங்கே ராஜதந்திரம் என்றால் ஆட்சி நெறி. தமிழுக்கு வந்த தந்திரமோ நரிக்கதையில் வரும் தந்திரம். ‘ரொம்பத் தந்திரசாலி’ என்று பக்கத்து வீட்டுக்காரரைச் சொன்னால் அவர் முகம் சுருங்கும். வடமொழிப் பொருளைக் காட்டி இந்தச் சொல்லுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் தமிழ்க் காதில் அது எப்படி விழுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். ராஜ என்பதை அரச என்று மாற்றி ‘அரசதந்திரி’ ஆக்குகிறவர்கள் உடலில் நஞ்சை விட்டுவிட்டுச் சட்டையைத் துவைக்கிறார்கள். போதாக்குறைக்கு, கானா 1960 ஜூலையிலேயே குடியரசாகிவிட்டது. அங்கே ஏது ராஜா?

இதைவிட என்னை வருத்துவது ‘பண்ணுறவாளர்’. டிப்ளோமேட்டுக்கு மாற்றாகத் தனித்தமிழ் ஆர்வத்தில் பிறந்து இணையத்தில் பரவிவரும் ஆக்கம். தனித்தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு, அதனாலேயே கேட்கிறேன். இதில் பண் எது? இசைப் பண்ணா, பண்ணுதலா, பண்பில் பாதியா? பன்னாடு போலப் பலவற்றைக் குறிப்பதென்றால் அது றன்னகரத்தில் (‘ன’) அல்லவா வர வேண்டும்? இந்தச் சொல்லைச் சொல்லி விளக்கம் கேட்டேன், நான்கு பேர் நான்கு பதில் சொன்னார்கள். ஒருவர் பண்ணை நடத்துபவரோ என்றார். தூது வடசொல் என்பதால் விலக்கினோம் என்று காரணம் சொல்கிறார்கள். ‘ஓதல் பகையே தூதிவை பிரிவே’ என்று தொல்காப்பியம் பிரிவுக்குக் காரணம் சொல்லும்போதே அந்தச் சொல்லை இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே கொடுத்திருக்கிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை போனது தூதுதான். இத்தனை காலம் நம்மோடு புழங்கிய சொல்லை வெளியே தள்ளிவிட்டு, பொருள் சொல்ல உரையாசிரியர் தேவைப்படும் ஒன்றை உள்ளே கொண்டுவருவதில் மொழிக்கு என்ன இலாபம்?

சொல் மாறினால் மனிதரின் உருவமே மாறிவிடுகிறது. குவைசன்-சாக்கி 1924இல் கானாவின் வின்னபாவில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர். 1959 முதல் ஐநாவில் கானாவின் நிரந்தரப் பிரதிநிதி. 1964 டிசம்பரில் பொது அவையின் 19ஆவது கூட்டத்தொடருக்குத் தலைவரானார். அந்த இருக்கையில் அமர்ந்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அப்போது அவை உடையும் நிலை. காங்கோ போன்ற இடங்களுக்கு அனுப்பிய அமைதிப்படையின் செலவில் பங்கு தர மாட்டோம் என்று சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட சில நாடுகள் மறுத்தன. இரண்டு ஆண்டுத் தொகை பாக்கி வைத்தால் வாக்குரிமை போகும் என்பது சாசனத்தின் 19ஆவது பிரிவு. அதைச் செயல்படுத்தச் சொல்லி அமெரிக்கா நெருக்கியது. ஒரே ஒரு வாக்கெடுப்பு நடந்தாலும் மோதல்தான். அதனால் வாக்கெடுப்பைத் தவிர்த்தே கூட்டத்தொடர் நகர்ந்தது. தலைவர் ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே கண்டு பேசி, ‘எதிர்ப்பு இல்லை’ என்ற நிலைக்குக் கொண்டுவந்து அறிவிக்க வேண்டியிருந்தது. இதற்குத் தந்திரம் என்றா பெயர்? ‘அன்பறிவு ஆராய்ந்த சொல்வன்மை’ என்று குறள் தூதுக்குச் சொன்ன மூன்றும்தான் அங்கே வேலை செய்தன.

1965இல் அவர் வெளியுறவு அமைச்சரானார். 1966 பிப்ரவரியில் ஹனோய் செல்லும் வழியில் கானா அதிபர் குவாமே நுக்ருமா பெய்ஜிங் சேர்ந்தபோது, ஊரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. தன் அரசின் சார்பில் ஆப்பிரிக்க அமைச்சர்கள் கூட்டத்துக்கு அடிஸ் அபாபா போகச் சொல்லி நுக்ருமா இவரை அனுப்பினார். இவர் அங்கே போகாமல் கானாவின் தலைநகர் அக்ராவுக்குத் திரும்பினார். ராஜதந்திரி என்று எழுதிவிட்டு இந்த இடத்துக்கு வந்தால், வாசகர் ‘தந்திரக்காரர் காலை வாரிவிட்டார்’ என்று முடித்துக்கொள்வார். தூதர் என்று எழுதியிருந்தால் வேறு கேள்வி எழும். ‘இறுதி பயப்பினும்’, அதாவது தன் உயிருக்கே முடிவு வந்தாலும், தன் அரசனுக்கு நன்மை தேடித் தருவது தூது என்கிறது குறள். அனுப்பிய தலைவருக்கு நாடே இல்லாமல் போகும்போது தூதர் யாருடைய தூதர்? தலைவருக்கா, நாட்டுக்கா? இவர் 1978இல் மறுபடியும் கானாவின் தூதராக வாஷிங்டன் போனார் என்பதையும் சேர்த்து யோசிக்க அந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

தூதரகத் தலைவரும் தூதர், அங்கே வேலை செய்பவரும் தூதரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தலைவருக்குத் தூதர், மற்றவருக்குத் தூதரக அதிகாரி, பொதுவாகத் துறையைச் சொல்லத் தூதுப்பணி. இந்த மூன்றில் பெரும்பாலான இடங்கள் அடங்கிவிடும். ‘ராஜதந்திரமாகப் பதிலளித்தார்’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். பட்டும் படாமலும் சொன்னார், நயமாகச் சொன்னார் என்று நம் வீடுகளில் பேசுகிறோமே! மொழிபெயர்க்க உட்காரும்போது மட்டும் வீட்டுப்பேச்சு ஏன் மறந்துபோகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. கானாவின் அக்கான் மக்களிடம் தலைவரின் வாயாக நின்று பேசுபவருக்கு ஒச்சியாமே என்று பெயர். தலைவர் அவர் வழியாகவே பேசுவார், பிறரும் அவர் வழியாகவே தலைவரிடம் பேசுவார்கள். கையில் பொன்தகடு போர்த்திய கோல் இருக்கும். அதன் உச்சியில் முட்டையைப் பிடித்த ஒரு கை செதுக்கப்பட்டிருப்பதுண்டு: இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும், அதிகாரம் அப்படிப்பட்டது என்று பொருள். ஆங்கிலேயர் இவரை ‘லிங்குவிஸ்ட்’ என்று எழுதி வைத்தார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ‘மொழியியலாளர்’ ஆக்கியிருந்தார். அடித்துவிட்டுத் ‘தலைவரின் வாய்மொழியாளர்’ என்று எழுதினேன். முதல் வரியில் ராஜதந்திரியை அடித்துத் தூதர் என்று எழுதினேன். இதழ் அச்சாகி வந்தபோது இரண்டாவது திருத்தம் மட்டும் பழையபடி ராஜதந்திரியாக மாறியிருந்தது.