முதல் பிரதி இயந்திரத்துக்குத் தெரியாது

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆத் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் ஒருவன் துப்பாக்கிச்சூடு நடத்தினான். அல் நூர் பள்ளிவாசலிலும் அடுத்து லின்வுட்டிலும் சேர்த்து 51 உயிர்கள் போயின. தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு அதை ஃபேஸ்புக்கில் 17 நிமிடம் நேரலையாகவும் ஓடவிட்டிருந்தான். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்று அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டன் சொன்னார், அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

நேரலையாக அதைப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஓடிக்கொண்டிருந்த அந்த 17 நிமிடத்தில் அவர்களில் ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை. முதல் புகார் வந்தது நேரலை தொடங்கி 29 நிமிடம் கழித்து, அதாவது அது முடிந்தே 12 நிமிடம் ஆன பிறகு. போலீஸ் தொடர்புகொண்டதும் ஃபேஸ்புக் அதை நீக்கியது, ஆனால் அதற்குள் ஏறக்குறைய 4,000 தடவை பார்க்கப்பட்டிருந்தது. அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் மட்டும் அந்த வீடியோவின் 15 லட்சம் பிரதிகளை அகற்ற வேண்டியிருந்தது. அதில் 12 லட்சம் பிரதிகள் ஏற்றும்போதே தடுக்கப்பட்டன, மீதி 3 லட்சம் உள்ளே புகுந்துவிட்டன.

இந்த எண்களைப் பார்த்தால் எவருக்கும் ஒரு கேள்வி வரும். 12 லட்சம் பிரதிகளை வாசலிலேயே மறித்த இயந்திரம், முதல் பிரதி 17 நிமிடம் ஓடியபோது ஏன் சும்மா இருந்தது?

ஏனென்றால் அந்த இரண்டும் வேறு வேறு வேலைகள். இதற்கு முன் கண்டிராத ஒரு காட்சியைப் பார்த்து 'இது கொலை' என்று இயந்திரம் புரிந்துகொள்ள, அதேபோன்ற ஆயிரக்கணக்கான காட்சிகளை அதற்குக் காட்டிப் பழக்கியிருக்க வேண்டும். நல்லவேளையாக உலகில் அப்படிப்பட்ட வீடியோக்கள் அவ்வளவு இல்லை. ஆனால் துப்பாக்கி விளையாட்டுகளை நேரலையில் ஆடுபவர்கள் ஏராளம், இயந்திரத்தின் கண்ணுக்கு அதுவும் இதுவும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் தெரிவதற்காக, லண்டன் போலீஸ் பிற்பாடு தங்கள் துப்பாக்கிப் பயிற்சிகளை உடல் கேமராவில் பிடித்து ஃபேஸ்புக்குக்குக் கொடுத்தது.

ஏற்கெனவே பார்த்ததை மறுபடி அடையாளம் காண்பது வேறு கதை. அதில் இயந்திரம் கெட்டிக்காரன். அதன் அடிப்படை ஹேஷ் என்ற உத்தி, தமிழில் கைரேகை என்றே சொல்லலாம்.

சாதாரண கணினிக் கைரேகை ஒன்று உண்டு, கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் முழுக்க மாறிவிடும். வங்கிப் பாதுகாப்புக்கு அது நல்லது, இங்கே அது உதவாது. வீடியோவின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, மூலையில் ஒரு முத்திரையைப் போட்டுவிட்டால் போதும், அது புதுக் கோப்பு ஆகிவிடும். எனவே வேண்டியது, கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிபவற்றுக்கு ஏறக்குறைய ஒரே ரேகையைத் தரும் ஒரு முறை. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது சுவரில் பாதி கிழிந்து, வெயிலில் வெளுத்துப்போன சினிமா போஸ்டரைக்கூட எந்தப் படம் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா? எழுத்தோ நிறமோ நமக்குத் தேவைப்படுவதில்லை, எங்கே இருட்டு எங்கே வெளிச்சம் என்ற மொத்த உருவமே போதும்.

பிடிக்யூ என்ற முறை அதைத்தான் கணக்காகச் செய்கிறது (ஃபேஸ்புக் உருவாக்கி 2019 ஆகஸ்டில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது). முதலில் படத்தின் நிறத்தை எடுத்துவிட்டு, வெளிச்சத்தின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு 64க்கு 64 கட்டங்களாகச் சுருக்குகிறது. அந்தக் கட்டங்களில் வெளிச்சம் ஏறி இறங்குவதை அலைகளாகப் பிரிக்கிறது. நுணுக்கமான சின்ன அலைகளைத் தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி இறங்கும் பெரிய அலைகளில் 256ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அலையிடமும் ஒரே கேள்வி: நீ நடுமதிப்புக்கு மேலா, கீழா? மேல் என்றால் 1, இல்லையென்றால் 0. இந்த 256 விடைகள்தான் அந்தப் படத்தின் கைரேகை.

இரண்டு படங்களை ஒப்பிட, அவற்றின் விடைகள் எத்தனை இடத்தில் வேறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். சம்பந்தமே இல்லாத இரு படங்கள், காசைச் சுண்டிவிட்டதுபோல, ஏறக்குறைய பாதி இடங்களில், அதாவது 128 இடங்களில் வேறுபடும். 31 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளலாம். வீடியோ என்றால் பல ஃபிரேம்களின் ரேகைகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்னொரு முக்கியமான விஷயம், ரேகையிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்கிப் பார்க்க முடியாது. அதனால் அந்தக் கொடூரமான வீடியோவைக் கைமாற்றாமல், அதன் எண்களை மட்டும் ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர், யூடியூப் நான்கும் 2016 டிசம்பரில் இப்படி ஒரு பொதுப் பட்டியலை அறிவித்தன, மறு வருடம் இணையத்தில் பயங்கரவாதத்தைத் தடுக்க ஜிஐஎஃப்சிடி என்ற கூட்டமைப்பையும் தொடங்கின.

இவ்வளவு இருந்தும் அந்த 3 லட்சம் எப்படி நுழைந்தது? ஆட்கள் வேண்டுமென்றே வீடியோவை மாற்றினார்கள். டிவித் திரையில் ஓடவிட்டு அதைப் போனில் படம் பிடித்தார்கள், வெட்டினார்கள், நீளத்தைக் குறைத்தார்கள். கண்ணுக்கே வித்தியாசமாகத் தெரியும் 800க்கும் மேற்பட்ட வடிவங்கள் சுற்றின, ஒவ்வொன்றுக்கும் தனியாக ரேகை எடுக்க வேண்டியிருந்தது. படத்தை எவ்வளவு சிதைத்தாலும் சத்தம் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும் என்பதால் ஒலியையும் ஒப்பிடத் தொடங்கினார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை அந்தப் பொதுப் பட்டியலிலேயே இருந்தது. ஐ.நா. தடைப் பட்டியலில் உள்ள இயக்கங்களை, நடைமுறையில் ஐஎஸ், அல்காய்தா போன்றவற்றை மனத்தில் வைத்துத்தான் அது கட்டப்பட்டிருந்தது. எந்த இயக்கத்திலும் சேராத ஒரு வெள்ளை இனவெறியன் அந்த வரையறைக்குள் வரவே இல்லை. யார் பயங்கரவாதி என்று அரசுகள் எழுதிவைத்திருந்த பட்டியலின் குருட்டுப்புள்ளி அப்படியே இயந்திரத்துக்கும் வந்துவிட்டது, இந்த விவகாரத்தில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

அதற்கப்புறம்தான் அரசுகள் வேகமாக இறங்கின. நியூசிலாந்து மூன்றே நாளில் அந்த வீடியோவைத் தடை செய்தது, வைத்திருப்பதே குற்றம் என்றது. ஆஸ்திரேலியா மூன்று வாரத்துக்குள் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. மே 15 அன்று ஆர்டனும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் பாரிஸில் அரசுகளையும் நிறுவனங்களையும் ஒன்றாக உட்காரவைத்து 'கிறைஸ்ட்சர்ச் அழைப்பு' என்ற உறுதிமொழியை வாங்கினார்கள். தாக்குதல் நடக்கும்போதே எல்லா நிறுவனங்களும் ரேகைகளைப் பகிர்ந்துகொள்ளும் அவசர ஏற்பாடும் அந்த வருடமே வந்தது. அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில் யூத வழிபாட்டுத் தலம் தாக்கப்பட்டபோது முதல் முறையாக அதைப் பயன்படுத்தினார்கள்.

எல்லாவற்றிலும் கடுமையானது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 2022 ஜூன் 7 முதல் அமலில் இருக்கிறது. அதிகாரியின் ஆணை வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நீக்கியாக வேண்டும், தொடர்ந்து மீறினால் உலகளாவிய வருமானத்தில் 4 சதவீதம் வரை அபராதம். நோக்கம் நல்லதுதான். ஆனால் கெடு குறுகக் குறுக, நிறுவனங்கள் சந்தேகப்பட்டதையெல்லாம் நீக்கிவிடலாம் என்ற பக்கம் சாய்ந்துவிடும் என்ற பயம் நியாயமானது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2018இல் பிரிட்டன் உள்துறை ஐஎஸ் பிரசார வீடியோக்களைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. அதில் 94 சதவீதத்தைப் பிடிக்கும், துல்லியம் 99.995 சதவீதம், அதாவது 10 லட்சம் வீடியோவில் 50ஐ மட்டும் மனிதர் சரிபார்த்தால் போதும் என்றார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஒரு தளத்தில் நாளுக்கு ஒரு கோடி வீடியோ ஏறுகிறது, அதில் நிஜமான ஐஎஸ் வீடியோ 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் அந்த இருபதில் 19ஐப் பிடிக்கும், கூடவே குற்றமற்ற 500ஐயும் பிடிக்கும். ஆக சிக்கிய 519இல் 500 அப்பாவிகள்! ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்க்க ஆள் இருந்தால் சரி, ஆள் இல்லாமல் தானாகவே நீக்கினால்?

அப்படி நடந்தும் இருக்கிறது. 2017இல் யூடியூபின் தானியங்கி முறை, சிரியப் போரைப் பதிவு செய்திருந்த வீடியோக்களைப் பெருமளவில் அழித்தது. உயிரைப் பணயம் வைத்து அங்குள்ள மக்கள் எடுத்த போர்க்குற்றச் சாட்சியங்கள் அவை. அதே 2017இல்தான் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், லிபியத் தளபதி ஒருவர்மேல் சமூக ஊடக வீடியோக்களை ஆதாரமாக வைத்துக் கைது ஆணை பிறப்பித்தது. கொலையைக் கொண்டாடும் வீடியோவுக்கும் அதே கொலையை அம்பலப்படுத்தும் வீடியோவுக்கும் கைரேகை ஒன்றாகவே இருக்கலாம், யார் எதற்காக அதைப் போட்டார் என்பது அந்த 256 விடைகளில் இல்லை. ஐரோப்பிய விதி இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. நீக்கியதை ஆறு மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும், பத்திரிகை, ஆய்வு, கல்விக்கானவற்றை விட்டுவிட வேண்டும் என்கிறது.

இலங்கையில் கையாண்டது இன்னொரு வழி. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பிறகு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் மொத்தமாக முடக்கினார்கள், ஏப்ரல் 30 வரை. வதந்தி பரவாமல் இருக்கட்டும் என்றார்கள். விபிஎன் (தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் மென்பொருள்) தெரிந்தவர்கள் அதை வைத்து உள்ளே போனார்கள், தெரியாதவர்கள் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க வழியில்லாமல் தவித்தார்கள். இத்தனைக்கும் அந்தத் தாக்குதலின் தலைவனுடைய வெறுப்புப் பேச்சுகள் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் பகிரங்கமாகக் கிடந்தவை, அதுவும் நம் தமிழில். அவனைப் பற்றி முஸ்லிம் சமூகத்தினரே அதிகாரிகளிடம் முன்கூட்டி எச்சரித்திருந்தார்கள். அங்கேயும் முதலில் கண்டுகொண்டது மனிதர்கள்தான்.

2022 மே 14, அமெரிக்காவின் பஃபலோ நகரம். கறுப்பின மக்கள் வந்துபோகும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 10 பேர் கொல்லப்பட்டார்கள், மறுபடியும் நேரலை. சூடு தொடங்கிய இரண்டே நிமிடத்தில் ட்விட்ச் என்ற நேரலைத் தளம் அதை நிறுத்தியது. முதல் புகார் வரவே 29 நிமிடம் ஆன கிறைஸ்ட்சர்ச்சோடு ஒப்பிட்டால் நிஜமான முன்னேற்றம். ஆனால் அதை நேரலையில் பார்த்த இருபத்துச் சொச்சம் பேரில் யாரோ பதிவு செய்துவிட்டார், அந்தப் பிரதி இன்னொரு சின்னத் தளத்தில் நீக்கப்படுவதற்குள் 30 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. சுட்டவனுக்கு அப்போது வயது 18. இதற்கெல்லாம் தூண்டுதல் எது என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்தபோது தெரியவந்தது, பெயர் சொல்லாமல் எழுதும் ஒரு இணைய மன்றத்தில் அவன் கிறைஸ்ட்சர்ச் வீடியோவின் சின்னத் துண்டு ஒன்றைப் பார்த்திருக்கிறான்.