புள்ளியியல் திறன்: சொல்லும் பொருளும்

ஒரு மருந்துக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் நடத்தும் சோதனை அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? அந்த வாய்ப்புதான் புள்ளியியல் திறன், ஆங்கிலத்தில் ஸ்டாட்டிஸ்டிக்கல் பவர். திறன் 80 விழுக்காடு என்றால், இருக்கிற பலனையே ஐந்தில் ஒரு முறை தவறவிடும் சோதனை அது.

அப்படித் தவறவிடுவது இரண்டாம் வகைப் பிழை. இல்லாத பலனை இருப்பதாகச் சொல்வது முதல் வகைப் பிழை. புள்ளியியலாளர்கள் யெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும் 1928 முதல் 1933 வரை எழுதிய கட்டுரைகளில் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். பவர் என்ற பெயரும் அவர்கள் வழியாகவே நிலைத்தது.

அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு ‘இயலுதல்’ என்று பொருள். தமிழ்நாட்டு இயற்பியல் பாடங்களில் வாட்டில் அளக்கும் பவர் என்பது ‘திறன்’, எனர்ஜி என்பது ‘ஆற்றல்’. இலங்கையில் முறையே ‘வலு’, ‘சக்தி’. புள்ளியியலில் திறன் பொருந்துகிறது என்றாலும், ‘கண்டறிதிறன்’ என்றால் பொருள் உடனே விளங்கும். ‘உணர்திறன்’ மட்டும் வேண்டாம். நோய் உள்ளவரை ஒரு பரிசோதனை எந்த அளவுக்குச் சரியாகக் காட்டுகிறது என்பதற்கு அது ஏற்கெனவே வழங்குகிறது.

திறன் குறைந்த ஆய்வில் ‘பலன் தெரியவில்லை’ என்பதைப் பலரும் ‘பலன் இல்லை’ என்று படித்துவிடுகிறார்கள். இது சின்னத் தவறல்ல. பலனில்லை என முடிந்த 71 மருத்துவச் சோதனைகளை 1978இல் ஓர் ஆய்வு மறுபடி கணக்கிட்டது. அவற்றில் 50 சோதனைகளுக்கு, சிகிச்சையால் 50 விழுக்காடு முன்னேற்றம் இருந்திருந்தால்கூட அதைத் தவறவிட 10 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு இருந்தது. போதிய நோயாளிகளைச் சேர்க்காததே காரணம். நல்ல மருந்துகள் சில இப்படிக் கைவிடப்பட்டிருக்கலாம் என்பது எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் பல்சோதனைச் சிக்கல். ஒவ்வொரு சோதனையிலும் முதல் வகைப் பிழைக்கான வாய்ப்புக்கு 5 விழுக்காடு வரம்பு வைத்து, ஒன்றையொன்று சாராத 20 கேள்விகளைச் சோதித்தால், எதிலுமே பலன் இல்லாவிட்டாலும் ஒன்றிலாவது ‘பலன்’ தெரிய 64 விழுக்காடு வாய்ப்பு. இதைச் சரிசெய்யும் ஒரு வழியான பொன்ஃபெரோனி திருத்தம், அந்த வரம்பை 20ஆல் வகுத்து 0.25 விழுக்காடாக்குகிறது. முதல் வகைப் பிழை அடங்கிவிடும், சரி. ஆனால் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டாவிட்டால் 80 விழுக்காடாக இருந்த திறன் ஏறத்தாழ 41க்கு இறங்கிவிடும். அதனால்தான் எத்தனை கேள்விகள், அவற்றில் எது முதன்மையானது என்பதை ஆய்வு தொடங்குமுன்பே முடிவுசெய்து, அதற்கேற்ப ஆட்களைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.