வினவிக் கற்றல்: குழந்தைக்கு எதற்கு ‘விசாரணை’?

கடலூரில் நடக்கும் மழலையர் கல்விப் பயிற்சிகளில் ‘திட்டம் சார்ந்த விசாரணை வழிக் கற்றல்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கும் விசாரணைக்கும் என்ன சம்பந்தம்?

‘ப்ராஜெக்ட்’, ‘இன்கொயரி’ என்ற ஆங்கிலச் சொற்களைத்தான் திட்டம், விசாரணை என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்த மூலச் சொற்களை முதலில் பார்த்துவிடுவோம். ‘ப்ராஜெக்ட்’ லத்தீனில் முன்னே எறிதல். ‘இன்கொயரி’ தேடுதல். அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரையில், ஒரு நோக்கத்தோடு முழு மனதாகச் செய்யும் செயலைத்தான் ப்ராஜெக்ட் என்றார். இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகளில் குழந்தைகள் கேட்கும் கேள்வியைப் பிடித்துக்கொண்டே வேலை வளரும். அடுத்து என்ன என்பதைப் பெரும்பாலும் அந்தக் கேள்விதான் தீர்மானிக்கும்.

விசாரணை என்ற சொல் பிறப்பால் கெட்டதல்ல. வடமொழி விசாரம், ஆழ்ந்து சிந்திப்பது. திருவண்ணாமலையில் ரமணர் சொன்ன ஆன்ம விசாரம் அதுதான். ‘அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்’ என்று இன்றும் அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் ‘விசாரணை’ என்ற வடிவம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. விசாரணைக் கைதி, விசாரணைக் கமிஷன், துறைவாரி விசாரணை. கேப்பர் மலைச் சிறையைப் பார்த்து வளர்ந்த ஊரில் ஒரு தாயிடம் ‘உங்கள் பிள்ளைக்கு விசாரணை வழிக் கல்வி’ என்றால் அவர் திடுக்கிடத்தான் செய்வார். விசாரணையில் கேட்பவர் அதிகாரி, பதில் சொல்பவர் எளியவர். இந்தக் கல்வியில் கேட்பதே குழந்தை. பொருளே தலைகீழாகிவிடுகிறது.

‘திட்டம்’ இன்னும் மோசம். நம் காதில் திட்டம் என்றால் அரசு கொடுப்பது: சத்துணவுத் திட்டம், நூறு நாள் வேலைத் திட்டம். அங்கன்வாடியே 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் நடப்பதுதான். அதற்குள் இன்னொரு திட்டமா? தவிர, திட்டம் பெரியவர்கள் முன்கூட்டியே போட்டு வைப்பது. பாடநூல்களின் ‘செயல்திட்டம்’, இலங்கைத் தமிழின் ‘செயற்றிட்டம்’ இரண்டும் பெரிய வகுப்புக்குச் சரி, மழலைக்குக் கனம். ‘ப்ராஜெக்ட்’ என்றே விடலாம் என்பவர்கள், லாரன்ஸ் ரோட்டில் தெர்மோகோலும் சார்ட்டும் வாங்கி வந்து ராத்திரி கண்விழித்து ஒட்டும் அப்பாக்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு இங்கே அந்தப் பொருள்தான் நிலைத்திருக்கிறது. ‘ஆய்வு’ என்றாலோ, அதிகாரி வருகிறார் என்று டீச்சர் பதிவேட்டை எடுப்பார்.

வினவுதல் இருக்கும்போது இத்தனை சுற்று எதற்கு? கற்பவரின் கடமைகளில் ‘வினாதல் வினாயவை விடுத்தல்’ என்று நன்னூல் சொல்கிறது. கேட்பது, கேட்டதற்கு விடை சொல்வது, இரண்டுமே மாணவர் வேலை. அறு வகை வினாவில், தான் அறிந்ததையே ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. நம் வகுப்பறைகளில் அறிவினாதான் நிறைந்திருக்கிறது. இந்தக் கல்விமுறை அறியாவினாவுக்கு இடம் கேட்கிறது. அதனால் முறைக்கு ‘வினவிக் கற்றல்’ என்றும், அதில் நாள்கணக்கில் நீளும் ஒரு வேலைக்குத் ‘தேடற்பணி’ என்றும் சொல்வேன்.

கடலூரின் மீனவர் பகுதியான தேவனாம்பட்டினத்துப் பிள்ளை வலையைப் பார்த்து, ‘மேல ஏன் மிதப்பு, கீழ ஏன் ஈயக்குண்டு?’ என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குண்டானில் தண்ணீர், கயிற்றுத் துண்டு, மிதப்பு, குண்டு எல்லாம் கொடுத்தால் போதும். எது மிதக்கும், எது முழுகும், இரண்டும் சேர்ந்தால் வலை ஏன் சுவர்போல் நிற்கிறது என்று பிள்ளைகளே போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு மீனவத் தாத்தாவைக் கூப்பிட்டு மீதியைக் கேட்பார்கள். இதில் திட்டம் எங்கே, விசாரணை எங்கே?

அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அவர்கள் ஒரு காலைப்பொழுது அங்கன்வாடியில் உட்கார்ந்திருந்தால் ‘விசாரணை’ என்று எழுதியிருக்க மாட்டார்கள். அந்த மொழிபெயர்ப்பின் அடுத்த பதிப்பிலாவது அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ஆசிரியர் குறிப்பேட்டில் ‘இன்று பிள்ளைகள் வினவியவை’ என்று ஒரு பத்தி போடச் சொல்லுங்கள்.